எங்கெல் விதி: சொல் விளக்கம்

பெயரைப் பார்த்ததும் மார்க்ஸின் தோழர் நினைவுக்கு வருவார். அவர் ஃபிரெடரிக் ஏங்கெல்ஸ். இந்த விதியைச் சொன்னவர் வேறொருவர்: எர்ன்ஸ்ட் எங்கெல், ஜெர்மனியின் சாக்சனி அரசில் புள்ளியியல் அலுவலகத்தை நடத்தியவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகள் 1855-இல் அச்சில் வந்திருந்தன. அவற்றை அலசி 1857-இல் எங்கெல் சொன்னது: குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவு பெரியது.

பங்கு என்பதுதான் இதில் உயிர். வருமானம் கூடினால் சாப்பாட்டுச் செலவு குறையும் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள்; அது தவறு. மாதம் 20,000 ரூபாய் செலவாகும் வீட்டில் சாப்பாட்டுக்கு 10,000 போகிறது என்று வையுங்கள். வருமானம் கூடி, செலவு 50,000 ஆகும்போது சாப்பாட்டுக்கு 18,000 போகலாம். தொகை ஏறிவிட்டது, பங்கோ பாதியிலிருந்து 36 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வயிற்றின் கொள்ளளவு சம்பளத்தோடு வளர்வதில்லையே. 'உண்பது நாழி' என்று அரசனையும் வேடனையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கிறது புறநானூறு. ஆனால் அந்த நாழியில் இருப்பது மாறும்: சோறு குறைந்து பால், பழம், முட்டை, பாக்கெட் தின்பண்டம் என்று போகும். தொகை ஏறுவது அதனால்தான்.

இந்த விதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? 'குடும்பச் செலவு விதி' என்றால் வாடகை, துணி, பள்ளிக் கட்டணம் எல்லாம் உள்ளே வந்துவிடும். 'உணவுச் செலவு விதி' மேலே சொன்ன குழப்பத்துக்கே இழுத்துப் போகும். 'உணவுப் பங்கு விதி' என்பதே என் தேர்வு.

இந்தியக் கணக்கெடுப்புகளில் இது பளிச்சென்று தெரிகிறது. கிராமப்புறச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் 59.4 சதவீதம், 2022-23-இல் 46.38. நகரங்களில் 48.06 இருந்தது 39.17 ஆனது. கிராமங்களில் தானியத்தின் பங்கு மட்டும் 22 சதவீதத்திலிருந்து 5-க்கும் கீழே விழுந்துவிட்டது.

சரி, அத்தனையும் வருமானம் உயர்ந்ததன் விளைவா? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். சம்பளம் அப்படியே இருந்தாலும் அரிசிக்கான செலவு அங்கே இறங்கும். அப்புறம், வாடகையும் மருத்துவச் செலவும் எகிறினாலும் உணவின் பங்கு சுருங்கும்; அந்தக் குடும்பம் செழித்திருக்க வேண்டும் என்பதில்லை.