மெய்நிகர்: ‘மாய உலகம்’னு எழுதாதீங்கப்பா

எங்க அத்தை திருமங்கலத்துல இருக்காங்க, அவங்க மகனுக்கு பைபோலார், அதாவது மனசு ஒரேயடியா உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போற நோய், நாலஞ்சு வருசமா மாத்திரைல ஓடிக்கிட்டு இருக்கு. போன வாரம் போன் போட்டு, "ஏப்பா, மாய உலகப் பயிற்சின்னு வாட்ஸ்அப்புல வந்துருக்கே, இவன மந்திரவாதிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாய்ங்களா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன், ஆனா அந்தச் சொல்லப் பாத்தா யாருக்கும் அப்படித்தான தோணும்.

விசயம் என்னன்னா விர்ச்சுவல் ரியாலிட்டி, கம்ப்யூட்டர் உண்டாக்குற காட்சிக்குள்ளயே நாம இருக்குற மாதிரித் தலைல மாட்டுற ஹெட்செட்டுல காட்டுறது, அதத்தான் ‘மாய உலகம்’னு எழுதிருக்காய்ங்க. லத்தீன்ல ‘விர்’னா ஆம்பள, அதுல இருந்து ‘விர்த்துஸ்’, அதாவது வீரம், ஆற்றல், அது இங்கிலீஷுக்குப் போயி பேருல அது இல்லாட்டியும் செயல்ல அதேதான்ங்கிற அர்த்தத்துல வந்து நின்னுச்சு, கம்ப்யூட்டர்காரங்க எடுத்துக்கிட்டது இதத்தான். 1968லயே ஐவன் சதர்லேண்ட்ங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி தலைல மாட்டுற திரை செஞ்சுட்டாரு, விர்ச்சுவல் ரியாலிட்டிங்கிற பேர 1980கள்ல பரப்புனது ஜேரன் லேனியர். மாயம் எங்கயும் வரல.

நம்ம சொல்லு மெய்நிகர். மெய்னா உண்மை, உடம்புன்னும் அர்த்தம் உண்டு, நிகர்னா ஈடு. ரெண்டுமே இங்க பொருந்துது பாருங்க, ஹெட்செட்ட மாட்டிக்கிட்டுத் தலையத் திருப்புனா காட்சியும் கூடவே திரும்பும், உடம்பு அத நெசம்னே எடுத்துக்கும், சில பேருக்குத் தலை சுத்தி கொமட்டவும் செய்யும். சிலர் ‘மெய்நிகர் உண்மை’ன்னு எழுதுறாய்ங்க, அது ‘நடு சென்டர்’ கணக்கா இருக்கு.

பைபோலாருக்கு இருமுனைக் கோளாறு, இதுல பெருசா சண்டை இல்ல. 1980ல அமெரிக்க மனநல வகைப்பாட்டுல ஏறுன பேரு. மேனியா, அதாவது அந்த உச்ச நிலை, முத்துனா சில பேருக்கு இல்லாதது இருக்குற மாதிரித் தோணும், அவங்க வீட்டுலயே போயி ‘மாய’ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

மனசு நிதானத்துக்கு வந்த பெறகும் கவனம், ஞாபகம், திட்டம் போடுறதுல தடுமாற்றம் மிச்சம் இருக்கலாம், அதுக்குத்தான் வாட்ஸ்அப்புல வந்த இந்த அறிதிறன் பயிற்சி. ஹெட்செட்டுக்குள்ள ஒரு கடை, லிஸ்ட்ட ஞாபகம் வச்சு சாமான் எடுக்கணும், பாக்கிச் சில்லறைய எண்ணணும். நம்மூருக்குன்னு செஞ்சா மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல அத்தன ஹாரனுக்கும் நடுவுல தேனி பஸ்ஸக் கண்டுபிடிக்க விடலாம். கடை பொய், மூளை பாக்குற வேலை நெசம், அதான் நிகர். மாத்திரைய நிறுத்திட்டுப் பண்றதில்ல இது, அதோட சேத்துப் பண்றது, இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு.

எல்லாம் கேட்டுட்டு அத்தை, "அப்ப கடைக்கே அனுப்பிரலாம்ல?"ன்னாங்க. அனுப்பலாம்தான் அத்தை, ஆனா சில்லறைய எண்ணத் தெணறுனா பின்னாடி நிக்கிறவன் கத்துவான்ல, ஹெட்செட்டுக்குள்ள கத்த ஆள் இல்ல, மொதல்ல இருந்து திரும்ப எண்ணிக்கலாம்.