மொஸ்கோ கேட்கும், யாழ்ப்பாணம் கேட்காது

உப்புவெளியில் மாமா வீட்டு முற்றத்தில் தென்னைக்கும் வேம்புக்கும் இடையே ஒரு செம்புக் கம்பி தொங்குகிறது. புதிதாக வருபவர்கள் உடுப்புக் காயப்போடும் கொடி என்றுதான் நினைப்பார்கள். அது வானொலி அன்டெனா. இரண்டு முனையும் தங்கூசியால் கட்டியிருக்கும். நடுவில் வெட்டிய இடத்திலிருந்து ஒரு கேபிள் ஜன்னலுக்குள் இறங்கும். கம்பியின் நீளம் 20 மீட்டர். ஒளியின் வேகத்தை மாமா பேசும் அதிர்வெண்ணான 7.1 மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 42 மீட்டர் வரும். அதில் பாதி நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு நன்றாக ஒத்திசையும். முனைகளின் விளைவைச் சரிக்கட்டக் கொஞ்சம் நறுக்கினால் 20.

மாமா அனுமதிப்பத்திரம் பெற்ற ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர். இலங்கை ஹாம்களின் அழைப்புக்குறி வழக்கமாக 4எஸ்7 என்று தொடங்கும். அவருடைய கருவியின் சக்தி 100 வாற்று, பழைய குண்டு பல்ப் ஒன்றின் அளவு. அதை வைத்துப் பின்னிரவு மூன்று மணிக்கு சுமார் 6,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொஸ்கோவுடன் பேசுவார். அதே நேரத்தில் 180 கிலோமீட்டரில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் கூப்பிட்டால் இரைச்சல்தான்.

தட்டையான ஓட்டுத் துண்டைக் குளத்தில் சரித்து எறிந்தால் துள்ளித் துள்ளி ஓடும். செங்குத்தாகப் போட்டால் மூழ்கிவிடும். அந்தக் குளத்தைத் தலைகீழாக வானத்தில் மாட்டினால் அயனமண்டலம். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளி வாயு அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுக்கிறது. அந்த இலத்திரன்கள் சிற்றலையை வளைத்துத் தரைக்குத் திருப்புகின்றன. ஒரே துள்ளலில் 4,000 கிலோமீட்டர் வரை போகலாம். மொஸ்கோவுக்கு இரண்டு துள்ளல். யாழ்ப்பாணத்துக்கோ அலை ஏறக்குறைய நேர்மேலே போய் நேர்கீழே இறங்க வேண்டும். பின்னிரவில் இலத்திரன்கள் குறைந்துவிடுவதால் அப்படிப் போகும் அலை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

சரி, மொஸ்கோ ஏன் பகலில் கேட்பதில்லை? பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு அடுக்கு உருவாகிறது. அங்கே காற்று அடர்த்தி அதிகம். அலையால் ஆடும் இலத்திரன்கள் காற்று மூலக்கூறுகளில் மோதிச் சக்தியை இழக்கின்றன. சரிந்து போகும் அலை அந்த அடுக்குக்குள் நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால் அதற்குத்தான் நட்டம் அதிகம்.

இதையெல்லாம் ஆரம்பத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. 1912இல் அமெரிக்கச் சட்டம் 200 மீட்டருக்குக் குறைந்த அலைகளை, பெரிதாக உதவாது என்று எண்ணிப் பொழுதுபோக்காளர்களிடம் தள்ளிவிட்டது. 1923 நவம்பரில் அவர்கள் அந்த 'உதவாத' அலைகளிலேயே அட்லாண்டிக்குக்கு அப்பால் செய்தி பரிமாறினார்கள். எனக்கு இந்தக் கதையில் ஒரு குரூரமான சந்தோஷம்.

இவ்வளவு பாடுபட்டு என்னதான் பேசுகிறார்கள்? பெயர், ஊர், குரல் எவ்வளவு தெளிவு, அங்கே மழையா, பிறகு 'செவன்டி த்ரீ', அதாவது வாழ்த்துகள். அவ்வளவுதான். வியாபாரம் பேச அனுமதியில்லை.

கடலில் சூரியன் எழும்பக் கொஞ்ச நேரத்தில் மொஸ்கோக் குரல் மெலிந்து, இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். மாமா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவார். பத்து மணிக்கு யாழ்ப்பாணம் வரும்.