இடுப்புக்கும் கைக்கும் ஒரு பஞ்சாயத்து

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது சட்டை மறைவில் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட லைசென்ஸே தேவையில்லை. அது சரியா தப்பா என்கிற சண்டைக்குள் நான் போகவில்லை. அங்கே துப்பாக்கிக் கடைகளில் ஓயாமல் கேட்கப்படும் ஒரு கேள்வியில் நம் பத்தாம் வகுப்பு இயற்பியல் ஒளிந்திருக்கிறது. மறைத்து வைத்துக்கொள்ள எது தோது, சின்ன பிஸ்டலா, முழு அளவா?

ஒரே குடும்பத்து மூன்று பிஸ்டல்களை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாக்காரரான காஸ்டன் கிளாக் தன் நாட்டு ராணுவத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் செய்தது கிளாக் 17. இதுதான் முழு அளவு. அதையே கொஞ்சம் வெட்டிச் சுருக்கி 1988-ல் வந்தது கிளாக் 19. 2015-ல் வந்த கிளாக் 43 ஒல்லிக்குச்சி, எளிதாக ஒளித்துவைக்கிற ரகம். பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் முறையே 17, 15, 6 தோட்டாக்கள். ஆனால் மூன்றும் சுடுவது ஒரே 9 மி.மீ. தோட்டாவை. சிக்கலே இங்குதான் தொடங்குகிறது.

தோட்டாவிலிருந்து பிரிந்து பறக்கும் குண்டு சுமார் 8 கிராம். குழலைவிட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் உந்தம் 2.8. கூடவே சீறி வெளியேறும் வெடிவாயுவையும் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்வோம். உந்தம் அழியாது என்பதால் துப்பாக்கியும் அதே 3-ஐப் பின்பக்கமாக வாங்கியாக வேண்டும். தோட்டா நிரப்பிய கிளாக் 17-ன் எடை சுமார் 900 கிராம். அது நொடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில் கையை உதைக்கிறது. இயக்க ஆற்றல் சுமார் 5 ஜூல். கிளாக் 43 நிரப்பிய பிறகும் 590 கிராம் போலத்தான் இருக்கும். அதன் உதை வேகம் 5 மீட்டரைத் தாண்டுகிறது, ஆற்றல் ஏழரை ஜூல். எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு உதை ஒன்றரை மடங்காகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. குழல் கைக்கு மேலே இருக்கிறது. உதை நேராக உள்ளங்கைக்கு வராமல், மணிக்கட்டை அச்சாக வைத்துத் துப்பாக்கியின் மூக்கை மேலே தூக்குகிறது. அப்படியானால் குறி தவறிவிடாதா? முதல் குண்டுக்கு அவ்வளவாகத் தவறாது. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மூக்கு துள்ளி எழும்போது குண்டு போயே போய்விட்டது. அடி வாங்குவது இரண்டாவது குண்டு. எழுந்த மூக்கு பழைய இடத்துக்கு இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே கணக்கு.

அதை இறக்குவது பிடி. பிடி நீளமானால் கைக்கு நெம்பும் வலு கூடும். முழு அளவுப் பிடியில் மூன்று விரல்கள் சுற்றி வளைத்து, இன்னொரு கைக்கும் இடம் மிச்சமிருக்கும். கிளாக் 43-ல் பல ஆண்களுக்குச் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும்.

குறிபார்க்கும் முனைகளிலும் இதே கதை. முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி கிளாக் 17-ல் 165 மி.மீ., 43-ல் 132 மி.மீ. கை நடுங்கி முன் முனை 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தொலைவில் பெரியதில் 6 செ.மீ. தள்ளிப்போகும். சின்னதில் ஏழரை செ.மீ.

சரி, பெரியதையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் இடுப்பு குறுக்கே நிற்கிறது. நிறையப் பேர் நினைப்பதுபோல் மறைப்பதற்குத் தடை குழலின் நீளம் இல்லை. ஹோல்ஸ்டர் என்கிற துப்பாக்கி உறையைப் பேண்ட்டுக்குள் செருகினால் குழல் தொடையை ஒட்டிக் கீழே இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. பெல்ட்டுக்கு மேலே, உடம்பிலிருந்து விலகித் துருத்திக்கொண்டு நிற்பது பிடி. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒருவர் பால் கேனைக் காரில் வைக்கக் குனிகிறார். சட்டை முதுகோடு இழுபட, இடுப்போரத்தில் பிடியின் முனை முக்கோணமாகப் புடைத்துக்கொண்டு தெரிகிறது. இதை அவர்கள் ‘பிரிண்டிங்’ என்கிறார்கள். 17-க்கும் 19-க்கும் குழலில் 12 மி.மீ., உயரத்தில் 11 மி.மீ. வித்தியாசம். குழலில் குறைத்தது இடுப்புக்குப் பெரிதாக உதவவில்லை. பிடியில் குறைத்ததுதான் உதவுகிறது. ஆக, கை ஏங்குவதும் சட்டை காட்டிக்கொடுப்பதும் ஒரே உறுப்பு.

குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையாதா என்று கேட்பார்கள். குறையும், அங்குலத்துக்கு நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் போல. அதற்காக நான் தூக்கம் கெட மாட்டேன்.

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் “லேசா இருக்கும், இதை எடுத்துக்கோங்க” என்று கடைக்காரர்கள் மிகச் சின்னதை நீட்டும் பழக்கம். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் உதையில் முரட்டுத்தனமானது அதுதான். அப்புறம், மேலே பின்னும் முன்னும் ஓடும் ஸ்லைடு சின்னதில் லேசாக இருப்பதால் இன்னும் வேகமாகப் பின்னுக்குப் பாயும், அதை நிறுத்தக் கிடைக்கும் இடமோ குறைவு. அதனால் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டியிருக்கிறது. முதல் தோட்டாவை ஏற்ற அந்த ஸ்பிரிங்கை இழுக்க வேண்டியது யார்? விரலில் வலு குறைந்த அதே ஆள்தான்.

2018-ல் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற பிஸ்டலில் ஒரு வித்தை செய்தது. தோட்டாக்களை ஒற்றை வரிசையாகவும் அடுக்காமல், முழு இரட்டை வரிசையாகவும் அடுக்காமல், நெருக்கி ஒன்றரை வரிசைபோல் அடுக்கி, ஏறக்குறைய கிளாக் 43 அளவு உடம்புக்குள் 10 தோட்டாக்களை நுழைத்தது. கொள்ளளவுச் சிக்கல் தீர்ந்தது, சுண்டுவிரல் சிக்கல் தீரவில்லை. அடுத்த ஆண்டே பிடியையும் குழலையும் கொஞ்சம் நீட்டி பி365 எக்ஸ்எல் வந்தது.

அதே 2018-ல் கிளாக் இதற்கு நேர் எதிராக 19எக்ஸ் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. மேலே 19-ன் குட்டை ஸ்லைடு, கீழே 17-ன் நீளப் பிடி. மறைப்பதற்கு என்று பார்த்தால் தலைகீழ் வேலை: ஒளிய வேண்டியது நீளம், ஒளிந்தே இருப்பது குட்டை. அமெரிக்க ராணுவத் தேர்வுக்காகச் செய்து, அங்கே சிக் சாவரிடம் தோற்ற வடிவத்திலிருந்து பிறந்தது அது. ஆனால் கையில் பிடித்துப் பார்த்தால் விரல் மூன்றுக்கும் இடம் இருக்கிறது.