முதுகு நடுவில் இருக்கும் கட்டியில் கத்தி வைக்கும் முன்

போன வாரம் இன்னொரு குழந்தை. இடுப்புக்குக் கீழே, முதுகின் நடுவில், மெத்தென்ற வீக்கம். 'சாதாரணக் கொழுப்புக் கட்டி' என்று எங்கோ வெட்ட ஆரம்பித்து, கொழுப்பு உள்ளே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பாதியில் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அதற்கப்புறம்தான்!

"கொழுப்புதானே டாக்டர், என்ன செய்துவிடும்?" தோளிலோ கையிலோ வந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சரி. முதுகின் நடுக்கோட்டில் பிறந்ததிலிருந்தே இருப்பது வேறு ரகம். கருவில் தண்டுவடம் உருவாகும்போதே நேர்ந்த பிசகு அது. வெளியே தெரிவது கொஞ்சம்தான். மிச்சம், முழுதாக மூடாத எலும்பின் வழியே உள்ளே போய்த் தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் தேய்த்தாலோ நெய்யை நிறுத்தினாலோ கரையாது. தயவுசெய்து பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

தண்டுவடம் இயல்பாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்குக் கீழேயே கட்டுண்டு கிடக்கும். வளர வளர இழுபடும். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, பாதம் வளைவது, ஒரு கால் மட்டும் மெலிவது எல்லாம் அதனால் இருக்கலாம். கட்டியே இல்லாமல் அந்த இடத்தில் முடிக்கொத்தோ ஆழமான குழியோ இருந்தாலும் காட்டுங்கள். முதல் சில மாதங்களில் எலும்பு முழுதாக இறுகியிருக்காது. அல்ட்ராசவுண்டிலேயே நிறையத் தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் பலவகைப் படங்களில் ஒன்றான டி1 படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். பழைய ரத்தக்கசிவும் அப்படித் தெரியலாம். கொழுப்பின் வெள்ளையை மட்டும் அடக்கும் முறையில் இன்னொரு படம் எடுத்தால் கொழுப்பு கறுத்துவிடும், ரத்தம் கறுக்காது. வீக்கத்தின் மேல் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம், கட்டி இருக்கும் இடம் படத்தில் தெரிவதற்கு அடையாளமாக. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் மருத்துவர்களே, வெறும் 'முதுகுவலி' என்று எழுதி அனுப்பாதீர்கள். கட்டி இருப்பதையும் சிறுநீர்ச் சிக்கலையும் எழுதினால்தானே எதைத் தேடுவது என்று படம் பார்க்கும் எங்களுக்குத் தெரியும்?

பெற்றோருக்கு: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, காந்தம்தான். அரைஞாண் கொடி, கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால், எவ்வளவு நேரம் வெறும் வயிறு என்று சொன்னார்களோ அவ்வளவு நேரம். 'ஒரு வாய் பால்தானே' கிடையாது.

ஏற்கெனவே வெட்டிவிட்டார்களா? புண் ஆறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பழைய படங்களோடு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். தையல் வழியே தண்ணீர் மாதிரிக் கசிந்தால் அன்றைக்கே.