ஆழத்துச் சுவரில் தண்ணீர் எங்கே நுழைகிறது?

நிலத்தடி நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே இருக்கும் சுவரில், ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் ஏறக்குறைய 20 டன் விசையோடு அழுத்துகிறது. கூரையில் விழும் மழை சற்று நேரத்தில் வடிந்துவிடும். இங்கே கட்டடத்தின் ஆயுள் முழுக்க அழுத்தம் விடாது. அதனால்தான் மெட்ரோ நிலையம், அடித்தள வாகன நிறுத்தம் போன்றவற்றில் வாட்டர்புரூஃபிங் வேலை கான்கிரீட் கலக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கடைசியில் பூசிச் சமாளிக்க முடியாது.

கான்கிரீட்டுக்குள் நுண்துளைகள் உண்டு. சிமெண்ட் முழுதாக வினைபுரிந்து கெட்டியாக, அதன் எடையில் சுமார் 0.42 பங்கு தண்ணீர் போதும். கலவை இளக்கமாக ஓட வேண்டும் என்று அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் இருந்த இடமெல்லாம் மெல்லிய தந்துகிக் குழாய்களாக மிஞ்சுகிறது. அமெரிக்க ஆய்வாளர் டி. சி. பவர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1950களில் இதை ஆராய்ந்தார்கள். தண்ணீர், சிமெண்ட் விகிதம் 0.45 என்றால், ஒரு வாரம் காயவிடாமல் கியூரிங் செய்தாலே அந்தக் குழாய்கள் நடுநடுவே அடைபட்டுத் தொடர்பு அறுந்துபோகும். 0.7-ஐத் தாண்டினால் எத்தனை காலம் நனைத்தாலும் அடைபடாது. ஆக, சரியாகக் கலந்து, வைப்ரேட்டர் போட்டு இறுக்கி, ஒழுங்காக நனைத்த தடித்த சுவரின் உடம்பு வழியே வரும் தண்ணீர் மிகச் சொற்பம்.

அப்படியானால் சுவர்கள் எங்கே ஒழுகுகின்றன? விரிசலில், இணைப்பில். கட்டுபவர்களின் கவனத்தில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும் என்பேன்.

சிமெண்ட் வினைபுரியும்போது சூடு கிளம்பும். ஒரு மீட்டர் தடிமன் சுவரின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில், விரிந்த நிலையிலேயே கான்கிரீட் இறுகிவிடுகிறது. அப்புறம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். ஆனால் முன்பே வார்த்து ஆறிவிட்ட தளம் அதன் அடியைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க வழியில்லை. இழுவை தாங்காமல் சுவர் செங்குத்தாகப் பிளக்கிறது. எந்தச் சுமையும் ஏறுவதற்கு முன்பே இது நடந்துவிடலாம்.

சூட்டைக் குறைக்கச் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதில் நிலக்கரிச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ சேர்க்கிறார்கள். கலவையில் பனிக்கட்டி போடுகிறார்கள். சுவரைச் சிறு நீளங்களாகப் பிரித்து வார்க்கிறார்கள். அப்போதும் விரிசலே வராமல் தடுப்பது அரிது. ஆகவே கிடைக்கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, அகலமான ஒரு விரிசலுக்குப் பதில் மயிரிழை விரிசல்கள் பல வரும்படி செய்கிறார்கள். இதன் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. அகலம் பாதியானால் பாயும் நீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். 0.4 மி.மீ. விரிசல் ஒன்றுக்குப் பதில் 0.1 மி.மீ. விரிசல்கள் நான்கு வந்தால், மொத்தக் கசிவு பதினாறில் ஒரு பங்குதான்.

அது மட்டுமல்ல, மெல்லிய விரிசல் தானாகவே அடைபடவும் செய்யும். கான்கிரீட்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு, நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வழியை மூடுகிறது. ஐரோப்பியத் தரநிலையான யூரோகோடு இதைக் கணக்கில் கொண்டு 0.2 மி.மீ. விரிசல் வரை இடம் தருகிறது. சுவரின் தடிமனோடு ஒப்பிட நீரின் உயரம் கூடக்கூட, அந்த வரம்பு 0.05 மி.மீ. வரை இறங்கும்.

இணைப்பு என்றால், பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடம். பழைய பரப்பில் படிந்த சிமெண்ட் பாலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். நடுவே தண்ணீரை மறிக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப் பட்டை, பாதி பழையதிலும் பாதி புதியதிலுமாகப் பதியும். பட்டை நல்லதாக இருந்தும் ஒழுகுவது உண்டு: கான்கிரீட் விழும் வேகத்தில் அது மடங்கியிருக்கும், அல்லது அதன் அடியில் கலவை புகாமல் பொந்து விழுந்திருக்கும். தண்ணீர் பட்டால் பருத்து இடைவெளியை அடைக்கும் பெண்டோனைட் என்ற களிமண் பட்டைகளும் இருக்கின்றன. வார்ப்பதற்கு முன்பே மழையில் நனைந்தால் அவை அப்போதே பருத்து வீணாகிவிடும்.

ஆழம் கூடும்போது சுவரின் வெளிப்பக்கம் கைக்கு எட்டுவதே இல்லை. நிலத்துக்குள்ளேயே வார்க்கும் டயாஃப்ரம் சுவருக்குக் குறுகிய அகழி தோண்டி, மண் சரியாமலிருக்கப் பெண்டோனைட் குழம்பை நிரப்பி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட்டை ஏற்றுகிறார்கள். 1950களின் இறுதியில் மிலான் மெட்ரோ பணியில் இந்த முறை பெரிய அளவில் பயன்பட்டது. வெளியே மண், அந்தப் பக்கம் போய் எதையும் ஒட்ட முடியாது. எனவே உள்பக்கத்தில் மெம்பரேனை, அதாவது தண்ணீர் புகாத மெல்லிய விரிப்பை, முதலில் பொருத்தி, அதன் மீது உள்சுவரை வார்க்கிறார்கள். வெறுமனே விரித்த மெம்பரேனில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால், தண்ணீர் அதன் பின்னால் ஓடி வேறெங்கோ எட்டிப்பார்க்கும். மூலத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஈரக் கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும் மெம்பரேன்கள் இந்த ஓட்டத்தைத் தடுக்கின்றன.

உள்முகத்தில் பெயிண்ட் அடித்தால், தண்ணீர் அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கி உரித்துவிடும். கசியும் விரிசலுக்குப் பாலியூரிதேன் என்ற பிசினை ஊசிபோலச் செலுத்துவதுதான் வழக்கம். விரிசலைச் சுவரின் நடுத் தடிமனில் வெட்டும்படி சாய்வாகத் துளையிட்டு, பிசினை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். தண்ணீரோடு வினைபுரிந்து அது நுரையாகப் பொங்கி ஓட்டத்தை நிறுத்தும். ஆனால் நுரையில் துளைகள் இருப்பதால் கசிவு திரும்பலாம். ஓட்டம் நின்றதும், நுரைக்காத பிசினை அதே விரிசலில் இரண்டாவது முறை செலுத்தினால்தான் அந்த இடம் நிலையாக மூடும்.