ஆக்சிஜன் சென்சார் எதைத்தான் பார்க்கிறது?

டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரில் 'ஆக்சிஜன் சென்சார்' என்று வந்தால் பலர் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பல சமயம் பழைய சென்சார் நன்றாகத்தான் இருக்கும். வீண் செலவு!

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்திருந்தால் கொஞ்சம் குறைவு. காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும். மிஞ்சினாலோ, நைட்ரஜன் ஆக்சைடுகளை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால் சரியாக உடைக்க முடியாது. கலவையை இந்த அளவிலேயே நிறுத்தி வைக்கத்தான் சென்சார். பாஷ் நிறுவனம் தயாரித்தது 1976-ல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது.

பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும். உள்ளே, விரல் நுனி வடிவில் ஒரு சிர்கோனியா பீங்கான் குப்பி. இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் எஞ்சின் புகை படும், உட்பக்கம் சாதாரணக் காற்று. 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானதும் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஆக்சிஜன் எவ்வளவு வேறுபடுகிறதோ, அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் அனேகமாக இல்லையென்றால் 0.8, 0.9 வோல்ட், அதாவது ரிச் (பெட்ரோல் அதிகம்). மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் பக்கம், லீன் (காற்று அதிகம்). சரியான கலவையைத் தாண்டும்போது சட்டென்று தாவும். அதைப் பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். வண்டி கிளம்பியதும் பீங்கான் சீக்கிரம் சூடாக உள்ளேயே ஹீட்டர் உண்டு. நான்கு வயரில் இரண்டு அதற்குத்தான்.

இங்கேதான் முக்கியமான விஷயம். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஒரு பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று வையுங்கள். எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து 'லீன்' என்று சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் கீறல் விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே கதைதான். புது சென்சார் போட்டாலும் அதுவும் இதையே சொல்லும்.

அதனால் முதலில் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார் அந்த நேரத்தில் காட்டும் அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு வோல்ட் விறுவிறுவென்று ஏறி இறங்கினால் சென்சார் வேலை செய்கிறது. பிளக், பைப், பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர் பக்கம் போங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாருக்கு இது பொருந்தாது. அது அதிகம் ஆடாமல் நின்றால்தான் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது.