நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள்

"பிறவிக் கோளாறுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க டாக்டர், அந்த ஆளை கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கணும்." கொளத்தூரிலிருந்து வந்தவர் இதைச் சொன்னபோது, அவருடைய ஏழு மாத லாப்ரடார் ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்க முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தது. டைல்ஸில் நகம் கீறும் சத்தம் கேட்டது. மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் தலை பாதிக்கு மேல் இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு வெளியே நின்றது. ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு.

குட்டியை விற்ற ப்ரீடரிடமும் போனில் பேசினேன். "குடுக்கும்போது துள்ளி ஓடுச்சு டாக்டர். அவங்க வீட்டுத் தரையில வழுக்கியிருக்கும்." துள்ளி ஓடியது உண்மையாகத்தான் இருக்கும். பிறக்கும்போது சரியாகத் தெரியும் மூட்டு, வளர வளரத்தான் தளர்கிறது. இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது.

மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று லெட்டரில் எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை, எக்ஸ்ரேயில் அது தெரியாது. இந்தக் கோளாறு பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. நல்ல இடுப்புள்ள ஜோடிக்கும் கோளாறுள்ள குட்டி பிறப்பதுண்டு. அப்புறம் தீனி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றிடம் இடுப்புக் கோளாறு வெகுவாகக் குறைந்திருந்தது. நாமோ குட்டியைக் கொழுகொழுவென்று வளர்த்து, நல்ல தீனிக்கு மேல் கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ப்ரீடருக்குப் பொறுப்பே இல்லையா? கட்டாயம் உண்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் போன்ற ஜாதிகளை இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் இணை சேர்ப்பது தவறு. தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு வயது முடிந்தபின் எடுத்த படத்தைக் கேளுங்கள். "கேசிஐ பேப்பர் இருக்கு சார்" என்பது அதற்குப் பதில் ஆகாது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தப் பேப்பர் வம்சத்தைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. கோளாறு தெரிந்தால் பணம் திரும்பி வருமா, சிகிச்சைச் செலவில் பங்கு உண்டா, எந்த வயதுவரை என்பதை எழுதி வாங்குங்கள். "குட்டியைத் திருப்பிக் குடுங்க, வேற தர்றேன்" என்பார்கள். ஐந்து மாதம் காலடியில் தூங்கியதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. குட்டிக்குத்தான் அவகாசம் கிடையாது. ஐந்து மாதத்துக்குள் செய்தால் இடுப்பெலும்பு வளரும் திசையை மாற்றி, கிண்ணம் தொடைத் தலையை நன்றாக மூடும்படி செய்கிற ஒரு சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. கொளத்தூர்க்காரர் நாலாவது மாதத்திலேயே, குட்டி பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிப்பதை வீடியோ எடுத்திருக்கிறார். அதை ப்ரீடருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூன்று மாதம் அவரோடு சண்டை போட்டிருக்கிறார். எனக்கு அந்த வீடியோவை ஏழாவது மாதத்தில்தான் காட்டினார்.

இப்போது ஹால் முழுக்க ரப்பர் மேட் விரித்திருக்கிறார். குட்டியின் எடையும் குறைந்து வருகிறது. அதன் தாயை அடுத்த முறை இணை சேர்க்கும் முன் எக்ஸ்ரேவுக்கு அழைத்து வருவதாக ப்ரீடர் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை. இந்த வாரம் மறுபடி கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன்.